கோர்ட் கலையும் வரை

"ஹரிகுமார், அந்தக் கடைசி பெஞ்சுக்காரரை உள்ளே கூப்பிடுங்க. நோட்டையும் கொண்டு வரச் சொல்லுங்க."

பெஞ்சு கிளார்க் ஹரிகுமார் தயங்கினார். "இன்னைக்கு நீங்க ரிட்டயர் ஆகுற நாளு மேடம். அந்த ஆளைப் போய் எதுக்கு? சும்மா விட்டாப் போதாதா?"

"போதாது. அந்த நோட்டுல என்ன இருக்குன்னு மூணு வருஷமா தெரியாம இருக்கேன்."

மாஜிஸ்திரேட் நீலாம்பாளின் மேஜையில் வெட்டிய கேக்கும் மடித்த பொன்னாடையும் கிடந்தன. திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகி வந்தபோது கூடவே வந்த பெயர் அவ்வளவு நல்ல பெயர் அல்ல. பதினொரு மணிக் கோர்ட்டுக்குப் பன்னிரண்டு மணிக்கு ஏறுவார். சாட்சிகள்மேல் எரிந்து விழுவார். எடுத்ததற்கெல்லாம் வாய்தா. பழைய ஊரிலிருந்து இரண்டு புகார்கள் ஹைகோர்ட்டுக்கே போயிருந்தன.

இங்கே பொறுப்பேற்ற மறுநாள்தான் கடைசி பெஞ்சில் அந்த மனிதரைப் பார்த்தார். மழமழவென்று சவரம் செய்த முகம், வெள்ளை வேட்டி, மடியில் ஒரு நோட்டு. எந்த வழக்குக்கும் அவர் பெயர் கூப்பிடப்படவில்லை. ஆனாலும் கோர்ட் கலையும் வரை ஆள் அசையவில்லை. போகும்போது நோட்டில் ஏதோ எழுதினார். அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார்.

தன்னைக் கண்காணிக்க ஹைகோர்ட் விஜிலன்ஸ் அனுப்பிய ஆள்தான் என்று நீலாம்பாள் முடிவே கட்டிவிட்டார்.

அன்றிலிருந்து பதினொன்று அடித்தால் அம்மாள் நாற்காலியில். ஏறியதும் முதல் வேலை, அந்த ஆள் வந்திருக்கிறாரா என்று பார்ப்பது. கோபம் தலைக்கேறும்போதெல்லாம் பார்வை கடைசி பெஞ்சுக்குப் போகும், நாக்கைக் கடித்துக்கொள்வார். பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க்காரர்கள் மலையாளத்தில் சாட்சி சொல்லத் திணறினால், தானே தமிழில் கேட்டு எழுத வைப்பார். பயந்து செய்தது நாளடைவில் பழகிப்போயிற்று. இன்று மதியம் வக்கீல்கள் ஆளாளுக்கு எழுந்து புகழ்ந்தபோது, இதில் பாதி கடைசி பெஞ்சுக்குச் சேர வேண்டியது என்றுதான் அவருக்குத் தோன்றியது.

ஆனால் நோட்டில் என்ன இருக்கிறது? ஐந்து மணிக்குள் ஒரு மெமோ வந்துவிட்டால் பென்ஷன் நின்றுபோகும். மணி நாலே முக்கால்.

அந்த மனிதர் உள்ளே வந்து கைகட்டி நின்றார்.

"உக்காருங்க. நீங்க யாருன்னு எனக்கு முதல்லேயே தெரியும்" என்றார் நீலாம்பாள்.

"தெரியாம இருக்குமா மேடம்" என்று அவர் தலைகுனிந்தார்.

"ரிப்போர்ட்ல என்ன எழுதியிருந்தாலும் செரி. உங்களுக்கு ஒரு நன்றி சொல்லாம இந்த நாற்காலியை விட்டு எந்திரிக்க மனசு வரல. நீங்க அங்க இருந்ததாலதான் நான் ஒழுங்கா இருந்தேன்."

வந்தவர் திருதிருவென்று விழித்தார். "ரிப்போர்ட்டா? எனக்கு அதொண்ணும் தெரியாது மேடம்." நோட்டை மெதுவாக மேஜைமேல் வைத்தார்.

நீலாம்பாள் புரட்டினார். பக்கம் பக்கமாகத் தேதிகள். ஒவ்வொரு தேதிக்கு நேராகவும் ஒரே ஒரு சொல்: குடிக்கவில்லை.

"நான் கோலப்பன். சாலை பஜார்ல குடிச்சிட்டுப் பெகளம் வெச்சு ரகளை பண்ணின கேஸு. நீங்க வந்த முதல் நாளு, வரிசையில நின்ன முப்பது பேர்ல ஒருத்தன். அன்னைக்குத் தாடியும் அழுக்குமா இருந்தேன். ஃபைனும் போட்டு, கோர்ட்டு கலையுறது வரைக்கும் இங்கயே உக்காரணும்னு சிட்சையும் குடுத்தீங்க. எத்தனையோ வருஷத்துக்குப் பொறவு குடிக்காம ஒரு பகல் கழிஞ்சது அன்னைக்குத்தான். மறுநாளும் அப்படி இருக்கணும்னா வேற எங்க போகன்னு தெரியல. இங்கயே வந்துட்டேன்."

நீலாம்பாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சிரிப்பும் வந்தது. "ஒரு நாள் சிட்சையை மூணு வருஷமா நீங்களே அனுபவிச்சிருக்கீங்க. இதுல நான் ஒண்ணும் செய்யலியே, கோலப்பன்."

"அப்படிச் சொல்லாதீங்க மேடம். தெனமும் ஏறி உக்காந்ததும் நீங்க முதல்ல என்னையத்தான பாப்பீங்க, இடையில இடையிலயும் பாப்பீங்க. குடிச்சிட்டு வந்திருக்கானான்னு என்னையே நோட்டம் விடுறீங்கன்னு பயந்துதான் நானும் ஒழுங்கா இருந்தேன்."