திரும்பி வந்த மூட்டை

மருந்தடிக்கும் டேங்குக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருளாயியின் முதுகில் ஏறி மிளகாய்க்கொல்லை முழுக்க ஊர்வலம் போவது அதுதானே! அதனால், கப்பலேறப் போன வற்றல் மூட்டை கொட்டகைக்கே திரும்பி வந்தபோது அதற்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஏன்டா தம்பி, வந்துட்டே?"

"சோதிச்சுப் பாத்தாங்கண்ணே. என்மேல மருந்து ஒட்டியிருக்காம். அவங்க நாட்டுச் சட்டப்படி உள்ள விடமாட்டாங்களாம்."

மூலையில் கிடந்த மருந்து டப்பா, "எந்த நாடு?" என்றது. மூட்டை பெயரைச் சொன்னதும் டப்பா கடகடவென்று சிரித்தது.

"அட, நான் பொறந்த நாடு! அங்க எந்த வயல்லயும் என்னை அடிக்கக் கூடாது, தடை. வெளிநாட்டுக்கு விக்க மட்டும் தடையில்ல."

அந்த நேரம் பார்த்து வியாபாரி வந்தார். "கவலைய விடு இருளாயி. உள்ளூர்ச் சந்தையில தள்ளிடலாம். இங்க யாரு சோதிக்கப்போறா?"

அது அவளுடைய ஒரு வருஷப் பாடு. இருளாயி மூட்டையை மெல்லத் தடவிப் பார்த்தாள்.

"அவங்க பிள்ளைக்கு ஆகாதது நம்ம பிள்ளைக்கு மட்டும் ஆகுமாய்யா?"

கொல்லை ஓரத்தில் குழி வெட்டி, அழுதுகொண்டே மூட்டையைப் புதைத்தாள். அப்புறம் வாடை போகும்வரை டேங்கைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

அடுத்த பட்டத்தில் அதில் பூச்சி விரட்டும் இஞ்சி பூண்டுக் கரைசலை ஊற்றி முதுகில் மாட்டிக்கொண்டாள். அன்றைக்குத்தான் டேங்க் அந்த முதுகைப் பார்த்தது. இத்தனை வருஷமாகத் தன்னிடமிருந்து மருந்து கசிந்து கசிந்து வெந்துபோன தோல்.

ஒரு சொட்டுகூடச் சிந்திவிடாமல், அது தன் மூடியை இறுகப் பிடித்துக்கொண்டது.