இருபத்தெட்டு சென்டிமீட்டர்

மாலை வகுப்புக்கு இடைவேளை. மருந்துக்கடையில் வேலை பார்ப்பதால் நாங்கள் 'மாத்திரை' என்று கூப்பிடும் தோழி, படிக்கட்டில் நின்று புதுப் போனைத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறாள். "ஹெட்போன் சொருக ஓட்டையே இல்ல, பாத்தியா?" நேற்றுவரை அவளுடைய வயரில்தான், ஆளுக்கொரு காதாக, பாடத்தின் ஒலிப்பதிவைக் கேட்டோம். வயர் இரண்டாகப் பிரியும் இடத்திலிருந்து காதுவரை இருபத்தெட்டு சென்டிமீட்டர். ஸ்கேல் வைத்து அளந்திருக்கிறேன். ஒன்றிரண்டு கூடக்குறைய இருக்கலாம். அந்த நீளத்துக்குத் தோளோடு தோள் இடிக்கத்தான் உட்கார முடியும். வயர் முறுக்கிக்கொண்டு கரகரத்தால், கேட்காமலேயே என் காதருகே கை நீட்டிச் சரிசெய்வாள். இப்போது வயரே இல்லாமல், பட்டாணிபோல வெள்ளையாக ஒன்றை என் உள்ளங்கையில் போடுகிறாள். "தொலைச்சே, கொன்னுடுவேன்." இன்னொன்றைத் தன் காதில் வைத்துக்கொண்டு, காற்றுக்காக நான்கு படி மேலே ஏறி, ஜன்னலோரம் கால் நீட்டி உட்காருகிறாள். சாயும் வெயில் அவள் முடியோரத்தில் நிற்கிறது. ஆசிரியரின் குரல் ஓர் எழுத்துகூடப் பிசகாமல் கேட்கிறது. கரகரப்பே இல்லை. என் தலை மட்டும் பழக்கத்தில் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. "என்ன, கழுத்து சுளுக்கா?" மேலிருந்து சிரிக்கிறாள்.

"ஆமா," என்கிறேன். "லேசா."