நூறு யூனிட்டுக்குள்ளே

முதல் அடியிலேயே மயில்சாமியின் மூக்குக்கண்ணாடி தெறித்து அரிசி டிரம்முக்கு அடியில் போய் விழுந்தது. இரண்டாவது அடி தாடையில். மூன்றாவதை எங்கே வாங்கினார் என்று அவருக்கே தெரியவில்லை, வாயெல்லாம் உப்புக் கரித்தது.

“பைசா! பைசா கிதர் ஹை?” என்று உறுமினான் வந்தவன். தலையில் ஹெல்மெட், உடம்பில் மழைக்கோட்டு, கையில் இரும்புக் குழாய். கண்ணாடி போன கண்ணுக்கு அவ்வளவுதான் தெரிந்தது.

“எங்கிட்ட ஒண்ணுமே இல்லீங்க!” என்று அலறினார் மயில்சாமி. திருடனுக்கும் ‘ங்க’ போட்டுப் பேசுகிற ஊர்க்காரர், என்ன செய்ய? குழாய் முழங்காலில் இறங்கியது.

அவரிடம் காசு இல்லை என்றால் நெருப்பெரிச்சல் ஊருக்குள் நாய்கூட நம்பாது. பேஸ்ட் டியூபைக் கத்திரியால் அறுத்து வழித்துப் பல் விளக்குகிற மனுஷன். அரிசி களைந்த தண்ணீரில் பாத்திரம் கழுவி, கழுவின தண்ணீரை முருங்கைக்கு ஊற்றுவார். ரெண்டு மாசத்துக்கு நூறு யூனிட்டுக்குள் முடித்தால் கரண்டு பில்லே கிடையாதே, அந்த நூறைத் தாண்ட விட்டதில்லை. அறையை விட்டு வரும்போது லைட்டை அணைக்க மறந்தால் தீர்ந்தது. அந்த வீட்டில் பழுக்காத முதுகு கிடையாது.

அப்படிச் சேர்த்த காசு. உசுரே போனாலும் சொல்வதில்லை என்றுதான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். இடுப்பில் ஓர் உதை விழுந்தது பாருங்கள், வைராக்கியம் பறந்துவிட்டது.

“அரிசிக்குள்ள... அரிசிக்குள்ள!”

டிரம்மைக் கவிழ்த்தான். தரையெல்லாம் அரிசி. உள்ளேயிருந்த மஞ்சப்பையைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு கிளம்பினான். போகிற போக்கில் பேன் நின்றது, லைட்டும் அணைந்தது. ஆள் விழுந்து கிடப்பது யாருக்கும் தெரியக் கூடாதாம், படுபாவி! ஜன்னலே இல்லாத உள்ளறை அது, நடுமத்தியானத்திலும் கும்மிருட்டு.

முனகல் கேட்டு முதலில் ஓடி வந்தவள் எதிர்வீட்டு வெள்ளையம்மாள். “ஐயோ, ஏனுங்க, என்னாச்சுங்க? சுவிட்சு எங்கீங்க இருக்குது?” என்று சுவரெல்லாம் தடவினாள்.

“கதவுக்குப் பின்னால, அம்மிணி... கைய நல்லா உள்ள உடு...” என்று மயில்சாமி வழி சொன்ன பிறகுதான் வெளிச்சம் வந்தது. ரத்தத்தைப் பார்த்து அவள் போட்ட கூச்சலில் தெருவே திரண்டுவிட்டது.

“இந்தியிலயா பேசுனான்? அப்ப சந்தேகமே இல்லீங்க, அந்த சுக்தேவ்தான்!” என்றான் பக்கத்து வீட்டு சிவராஜ்.

சுக்தேவ் பின்னால் மயில்சாமியின் வாடகை லைன் வீட்டில் குடியிருக்கும் ஒடிசாக்காரன். நைட் ஷிப்ட் முடிந்து வந்து, பகலெல்லாம் லைட் எரிய எரியத் தூங்குவான். எத்தனை சொல்லியும் கேட்காததால் போன வாரம்தான் மயில்சாமி அவன் பியூஸைப் பிடுங்கிவிட்டு, கன்னத்திலும் ஒன்று வைத்திருந்தார். கூட்டத்துக்கு வேறென்ன சாட்சி வேண்டும்? தூங்கினவனைத் தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்து வாசல் கம்பத்தில் கட்டினார்கள்.

சிவராஜ் போன் போட்ட பத்தாவது நிமிஷம் பைக்கில் வந்து இறங்கினான் பரணி. மயில்சாமிக்கு ஒரே மகன். அப்பனோடு ஒத்துவராமல் தனியே போய், காதர்பேட்டையில் வடநாட்டு வியாபாரிகளை நம்பிப் பனியன் கடை நடத்துகிறவன். அரைமணி நேரத்துத் தூரத்தைப் பத்து நிமிஷத்தில் தாண்டி வந்திருக்கிறான் என்றால் பாசம் எப்பேர்ப்பட்டது பாருங்கள்!

“எங்கப்பன் மேலயாடா கை வெச்ச?” என்று ஓடிப்போய் சுக்தேவின் நெஞ்சில் மிதித்தான். செங்கல்லை எடுத்து மண்டையில் போட்டான். அவன் ஆரம்பித்து வைத்ததும் ஆளாளுக்குக் கட்டையைத் தூக்கினார்கள்.

“மே நஹி, பாபு... மே நஹி...” என்று மறுத்துக் கெஞ்சிய குரல் தேய்ந்துகொண்டே வந்தது.

“போதுமுங்க, செத்துருவானுங்க!” என்று வெள்ளையம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். யார் காதிலும் விழவில்லை.

உள்ளறையில் கிடந்த மயில்சாமிக்கு எல்லாம் கேட்டது. சாகட்டும் என்றுதான் இருந்தது. என் காசைத் தின்னவன் என்னத்துக்கு உசுரோட இருக்கோணும்?

வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தான் பரணி. “எந்திரிங்கப்பா, ஆஸ்பத்திரிக்குப் போலாம். அவனை இவங்க பாத்துக்குவாங்க.”

அப்பனை ஒரு கையால் அணைத்துத் தூக்கினான். மறுபக்கம் சிவராஜ் தாங்கிக்கொண்டான். அரிசியில் வழுக்கி வழுக்கி மூன்று பேரும் உள்ளறை வாசற்படிக்கு வந்தார்கள். வெளியே சுக்தேவின் தலை தொங்கிவிட்டிருந்தது, எவனோ ஒருத்தன் பெரிய கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

படியைத் தாண்டும்போது பரணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவனுடைய இன்னொரு கை பாட்டுக்குக் கதவுக்குப் பின்னால் போயிற்று.

டக். டக்.

பேன் நின்றது. லைட் அணைந்தது.

மயில்சாமிக்கு முழங்கால் வலியே மறந்துபோனது. இருட்டுக்குள் துழாவி, சுவிட்சின் மேலிருந்த அந்தக் கையைப் பிடித்தார். உடும்புப் பிடி. பரணி இழுத்துப் பார்த்தான், விடவில்லை.

“சிவராஜு, அந்தப் பையனை அவுத்து உடுங்க. என்னைய அடிச்ச கை இது.”