ராயாவின் தனி மேசை

"எல்லாரும் பெரிய கூடத்துல சாப்பிடுறாங்கம்மா. நான் மட்டும் சமையலறையில," என்றாள் ராயா, ஷூவைக் கழற்றிக்கொண்டே.

நெவேனாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"உன்னை மட்டுமா?"

"ஆமா. ப்ருடென்சியா அத்தை கூட்டிட்டுப் போய் உட்கார வைப்பாங்க. கதவையும் சாத்திடுவாங்க."

ப்ருடென்சியா அந்தப் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு பரிமாறுகிறவள்.

"எத்தனை நாளா?"

"முதல் நாள்லேருந்து."

பல்கேரியாவை விட்டு செகோவியா பக்கத்து இந்தச் சிற்றூருக்குக் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் குடும்பமே செய்யாத கூத்து இல்லை. மதியத் தூக்கத்துக்காக இரண்டு மணிக்குக் கடையெல்லாம் பூட்டிக் கிடந்ததைப் பார்த்து, யாரோ பெரிய மனிதர் இறந்துவிட்டார் என்று நினைத்து, நெவேனாவின் கணவன் பிளாமென் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நடந்தான். உப்புக் கருவாட்டை ஊறவைக்காமல் அப்படியே சமைத்துப் போட்டாள் நெவேனா. மூன்று பேரும் விடிய விடியத் தண்ணீர் குடித்தார்கள். மறுநாள் கீழ்வீட்டுக்காரர் ஒரு வாளியோடு வந்து, எப்படி ஊறவைப்பது என்று கைச்சாடையில் காட்டிவிட்டுப் போனார்.

"நல்ல ஜனங்க" என்று ஊருக்குப் போன் பேசும்போதெல்லாம் சொல்கிறவள் நெவேனாதான். இப்போது அவளுக்கே வாய் கசந்தது.

"வெளியூர்க்காரப் பிள்ளைன்னு ஒதுக்கி வச்சுட்டாங்க, பாத்தியா," என்றாள் கணவனிடம்.

"விசாரிச்சுட்டுக் கோபப்படு," என்றான் பிளாமென். "பிள்ளை அழுதாளா என்ன?"

"ஏழு வயசு. அவளுக்கு என்ன தெரியும்?"

மறுநாள், துணி வெளுக்கும் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு கிளம்பினாள். அகராதியைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்திருந்தாள்.

"என் பொண்ணும் மத்த பிள்ளைங்க மாதிரிதான். ஏன் தனியா உட்கார வைக்கிறீங்க?"

பள்ளி அலுவலகத்தில் இருந்த மைட்டே அதைக் கேட்டுவிட்டு நோட்டைப் புரட்டினாள். முகம் சுருங்கியது. நெவேனாவுக்குப் புரியும்படி கைச்சாடையோடு மெதுவாகப் பேசினாள்.

"உங்க பொண்ணு இங்க சாப்பிடுறதே இல்லையேம்மா. வீட்டுக்குப் போறதாத்தான் எழுதியிருக்கு."

"நான் பேர் குடுத்தேனே."

"சேர்க்க வந்தப்ப நானேதான் கேட்டேன், குழந்தை இங்க சாப்பிடுமான்னு. நீங்க இப்படி ஆட்டினீங்க." மைட்டே தலையை இடமும் வலமும் அசைத்துக் காட்டினாள்.

நெவேனாவுக்குச் சுருக்கென்றது. அவள் ஊரில் அப்படி ஆட்டினால் ஆமாம். மேலும் கீழும் அசைத்தால்தான் இல்லை. தட்டுத் தடுமாறி அதைச் சொல்லி முடித்ததும் மைட்டே நெற்றியில் கைவைத்துக்கொண்டாள்.

"இனிமே உங்களை வாயைத் திறந்து சொல்ல வச்சுத்தான் எழுதணும் போல," என்று சிரித்தபடி ராயாவின் பெயரை எழுதத் தொடங்கினாள். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

"சாப்பாடு வெளியேருந்து எண்ணித்தான் வருது. தலைக்கு ஒரு தட்டு, அதுக்கு மேல ஒரு பருக்கை வராது. அப்போ உங்க பொண்ணு இத்தனை நாளா யாரோட சாப்பாட்டைச் சாப்பிடுறா?"

நெவேனா சமையலறைக்கு நடந்தாள்.

சாத்தியிருந்த கதவைத் திறந்தால், சின்ன மேசையில் ராயா. முன்னால் ஆவி பறக்கும் கொண்டைக்கடலைக் குழம்பு. ப்ருடென்சியா அவளுக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். நெவேனாவைப் பார்த்ததும் திருட்டு வேலையில் பிடிபட்டவள் மாதிரி எழுந்து நின்றாள்.

"மேல யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா."

அம்மாவைவிடச் சீக்கிரம் பாஷையைப் பிடித்துக்கொண்ட ராயா வாயில் குழம்போடு மொழிபெயர்த்தாள்.

"முதல் நாள் வாசல்ல ஒத்தையா நின்னுச்சு பிள்ளை," என்றாள் ப்ருடென்சியா. "கூட்டிட்டுப் போக ஆள் வரல. சாயங்காலம் உங்ககிட்டயே கேட்டேன், சாப்பாட்டுக்குப் பேர் குடுத்திருக்கீங்களான்னு. இல்லைன்னு தலையாட்டினீங்க. புதுசா வந்த குடும்பம், என்ன கஷ்டமோ. ரெண்டாவது தடவை கேட்டா மனசு நோகும்னு விட்டுட்டேன்."

போன இடமெல்லாம் இந்தத் தலை அவளைக் கவிழ்த்திருக்கிறது.

"கூடத்துல உட்கார வச்சா, பேர் இல்லாத பிள்ளை எப்படிச் சாப்பிடுதுன்னு யாராவது கேப்பாங்க. பிள்ளைக்கு அவமானமா போயிடும். அதான் கதவைச் சாத்தினேன்."

மனப்பாடம் செய்துவந்த வாக்கியம் நெவேனாவுக்கு ஒரு வார்த்தைகூட நினைவில் இல்லை. ஆரஞ்சுச் சாறு வழிந்த அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நன்றி என்றாள். மறுபடியும் நன்றி என்றாள். அதற்குமேல் அவளிடம் பாஷை இல்லை.

"அதுக்கென்னம்மா," என்று ப்ருடென்சியா கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"சாப்பாடு எண்ணித்தான் வரும்னாங்களே. இது யாரோட தட்டுன்னு கேளு," என்றாள் நெவேனா மகளிடம்.

ராயா கேட்டாள். ப்ருடென்சியா பாத்திரம் கழுவத் திரும்பிக்கொண்டாள்.

"எனக்கே தெரியும்மா," என்றாள் ராயா. "அது அத்தையோட தட்டு. அவங்களுக்குக் கொண்டைக்கடலை பிடிக்காதாம். கோழியும் பிடிக்காதாம், மீனும் பிடிக்காதாம். தினமும் வெறும் ரொட்டிதான் பிடிக்குமாம்."