கிட்டங்கி வைரவரின் வாக்கு

வைரவர் வாக்கின் விலை முப்பது ரூபா என்றார் பூசாரி தம்பு.

"பதினைஞ்சு," என்றார் கணக்கப்பிள்ளை அரியநாயகம். கை தன்பாட்டில் மடியைத் தடவிக்கொண்டது.

"இதென்ன புகையிலைச் சிப்பமே, பேரம் பேச? தெய்வத்தின்ர வாக்கு, காணும்."

"தெய்வம் தானாச் சொன்னால் சும்மா சொல்லும், தம்பு அண்ணை. நான் கேக்கிறதைச் சொல்லுறதுக்குத்தானே காசு. இருபது."

கடைசியில் இருபத்தைந்தில் படிந்தது. பாதி முன்பணம், மிச்சம் காரியம் முடிந்த பிறகு. அரியநாயகத்தின் ஒரு மாதச் சம்பளம் அது.

அந்த 1931ஆம் ஆண்டில் ஊர்காவற்றுறையில் விநாயகமூர்த்தி முதலாளியின் புகையிலைக் கிட்டங்கியை நடத்தியது முதலாளி அல்ல, அதன் முற்றத்தில் சூலமாய் நின்ற வைரவர். முதலாளியே அப்படித்தான் சொல்வார்: "நான் ஆர்? வைரவரின்ர மனேச்சர்."

எந்த வத்தைப் படகில் சரக்கேற்றுவது, யாரை வேலைக்கு வைப்பது, யாரை நிறுத்துவது, எல்லாம் பூக்கட்டிப் பார்த்துத்தான். பொட்டலமாய் மடித்த ஒரு வாழையிலைச் சரையில் செவ்வரத்தம்பூ, மற்றதில் நந்தியாவட்டை. தம்பு கட்டிக்கொண்டுவந்து சூலத்தடியில் வைப்பார். முதலாளி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை என்றால் ஓம், சிவப்பு என்றால் இல்லை. எடுக்காத சரை அவிழ்க்கப்படாமலே கடலுக்குள் போகும். அவிழ்த்துப் பார்த்தால் தெய்வக் குற்றம். வேலை போனவன்கூட முதலாளியை ஒரு சொல் சொல்லாமல், சூலத்தைக் கும்பிட்டுவிட்டு நடந்தான். மற்ற முதலாளிமாருக்கு இதைப் பார்த்து வயிறெரிச்சல்.

பதினொரு வருஷத்தில் அரியநாயகம் ஒன்பது தடவை சம்பளம் கூட்டிக் கேட்டார். ஒன்பது தடவையும் செவ்வரத்தை. "வைரவருக்கு உம்மில என்ன கோவமோ தெரியேல்லை," என்று முதலாளி உண்மையாகவே கவலைப்பட்டார்.

இப்போது முதலாளி தன் மாத்தறைக் கடையை, கொடுக்கல் வாங்கலோடு அப்படியே ஒருவருக்கு எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். லாபத்தில் பாதி தனக்கு வந்தால் போதுமாம். மூன்று வருஷமாய் அந்தக் கடையை நடத்திய அவருடைய மைத்துனர் இலட்சுமணன் விரலுக்கொரு மோதிரத்தோடு ஊருக்கு வந்து நின்றார்.

"காலமை கதவு திறக்க முந்தியே சனம் வந்து நிக்கும், கணக்கர். கதவை உடைக்காத குறை!"

மாத்தறைக் கணக்குகள் மாத்தறையிலேயே இருந்தன. அரியநாயகம் பார்த்தது மோதிரங்களை மட்டுந்தான்.

கடையை அவரும் கேட்டார். சிவப்பு வந்தால் கடை இலட்சுமணனுக்கு, வெள்ளை வந்தால் அரியநாயகத்துக்கு. அதனால்தான் இரண்டு சரையிலும் வெள்ளையே கட்டும்படி பூசாரியோடு பேரம்.

"சாமி காரியத்தில கை வைக்கிறியள். நல்லதுக்கில்லை," என்றாள் மனைவி அன்னபூரணம்.

"ஒன்பது தரம் அவர் என்னோட விளையாடினவர். ஒருக்கா நான் விளையாடுறன்."

வெள்ளிக்கிழமை காலை. முதலாளி தலை தோய்ந்து, திருநீறு பூசி, கண்ணை இறுக மூடி, சூலத்தடியில் துழாவி ஒரு சரையை எடுத்தார். வாழைநார் அவிழ்ந்தது. வெள்ளை! மற்றச் சரையைத் தம்பு கடலுக்குள் எறிந்த வேகத்தில் அது எழுவைதீவுவரை போயிருக்கும்.

"ஐயோ, நான் வளர்த்த கடை!" என்று இலட்சுமணன் தலையிலடித்துக்கொண்டார்.

"வைரவர் சொன்னால் மறுகதை இல்லை," என்று அவரை அடக்கிய முதலாளி இந்தப் பக்கம் திரும்பினார். "அரியநாயகம், பிணைக்குக் காணி உறுதி கொண்டந்தனீரே?"

"ஓம், முதலாளி."

அன்னபூரணத்தின் சீதனம், வேலணைக் காணி. அவர்களுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அந்த உறுதிப் பத்திரத்தைக் கொடுத்து, கடையை எழுதி வாங்கும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். முதலாளி ஒரு சாவியையும் நூலால் கட்டிய கடிதக் கட்டையும் நீட்டினார்.

"இனி இதெல்லாம் உமக்கு வாற கடிதம்."

மிச்சப் பன்னிரண்டரை ரூபாவோடு அரியநாயகம் நேரே தம்புவின் கொட்டிலுக்குப் போனார். கணக்குக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்த பூசாரி, காசைக் கண்டதும் கையை இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம், கணக்கப்பிள்ளை. வைச்சிரும். உமக்குத் தேவைப்படும்."

தம்பு காசை வேண்டாம் என்றதாக அந்த ஊரில் எவரும் கேள்விப்பட்டதில்லை. அரியநாயகம் கடிதக் கட்டை அவசரமாய் அவிழ்த்தார். அத்தனையும் கடைக்குக் கடன் கொடுத்தவர்களின் கடிதங்கள். அடியில் அவர்களின் வக்கீலான ஒரு பிரக்கிராசியின் அறிவித்தல்: கடைக் கடன் நாலாயிரத்து முந்நூறு ரூபாவை முப்பது நாளில் கட்டாவிட்டால், கடைக்காரரின் காணி பூமி ஏலத்தில் போகும்.

கதவு திறக்க முந்தியே வந்து நின்ற சனம் யாரென்று இப்போது விளங்கியது. அப்படியே சூலம் இருந்த திசைக்குத் திரும்பிக் கைகூப்பினார்.

"வைரவா! உன்னைக் காசு குடுத்து வாங்கப் பாத்தனான், அதுக்குத் தந்த அடி இது. குற்றம் முழுக்க என்ர. முதலாளி பாவம், கண்ணை மூடிக்கொண்டெல்லோ எடுத்தவர்!"

தம்புவுக்கு அதற்குமேல் கேட்டுக்கொண்டிருக்க ஏலவில்லை. "தண்ணி குடியும்," என்று செம்பைத் தேடி எழுந்தார்.

கொப்பி பலகையில் விரிந்து கிடந்தது. தலைகீழாகத்தான் கிடந்தது. ஆனால் பதினொரு வருஷம் கணக்கெழுதிய கண்ணுக்கு அது ஒரு பொருட்டல்ல.

"வெள்ளிக்கிழமை, இரண்டு சரையும் வெள்ளை: முதலாளி தந்தது 25, இலட்சுமணன் தந்தது 25, கணக்கப்பிள்ளை தந்தது 12.50, ஆக வரவு 62.50, கணக்கப்பிள்ளை தரவேண்டிய மிச்சம் 12.50, பாவம், தள்ளுபடி."