உச்சி ஆணியின் ஒலி

ஆளரவமற்ற காட்டுக்குள் ஒரு செங்குத்துப் பாறை இருந்தது. ஏறுவோரின் கயிற்றைத் தாங்க, அடி முதல் உச்சி வரை அதில் ஏழு இரும்பு ஆணிகள் அறையப்பட்டிருந்தன. உச்சி ஆணியின் தண்டு பாறைக்குள்ளே துருப்பிடித்துவிட்டது. வெளியே தலை மட்டும் பளபளத்தது.

ஆண்டுதோறும் மழைக்காலம் முடிந்ததும் பாறையேறும் பெண்ணொருத்தி தோழர்களோடு வந்து, ஒவ்வோர் ஆணியையும் சுத்தியலால் தட்டிப் பார்த்தபடி ஏறுவாள். மந்தமாக ஒலிக்கும் ஆணியைப் பிடுங்கி எறிவாள்.

"அண்ணா, இம்முறையாவது உண்மையைக் காட்டிவிடும்," என்றது ஆறாம் ஆணி. "உம்மை நம்பித் தொங்குவது ஓர் உயிர்."

"கீழே இருப்பவனுக்கு எப்போதும் என் இடத்தின் மேல்தான் கண்," என்று சிரித்தது உச்சி ஆணி. "போடா, உன் வேலையைப் பார்."

சுத்தியல் பட்டதும் அது பல்லைக் கடித்துக்கொண்டு கணீரென்று ஒலித்தது. அவள் நிம்மதியோடு கயிற்றை மாட்டிச் சாய்ந்தாள். ஆணி முறிந்தது. ஆறாம் ஆணி கயிற்றை இழுத்துப் பிடித்தது; ஆயினும் பாறையில் மோதி அவள் இடுப்பெலும்பு நொறுங்கியது.

தோழர்கள் அவளைச் சுமந்து சென்றார்கள். போகுமுன், 'இந்தப் பாறையின் ஆணிகளை நம்பாதீர்' என்று அடிவாரத்தில் ஒரு பலகை நட்டார்கள்.

மற்ற ஆறு ஆணிகளும் இன்றும் உறுதியாகவே இருக்கின்றன. வழியைப் புல் மூடிவிட்டது.