கடைசிச் சீமைக்கருவேலங்கன்று

அயல் செடி ஒன்றுகூட இல்லாத பூங்கா காடாக அறிவிக்கப்படும். அதன்பின் மனிதர்கள் உள்ளே நுழையக் கூடாது என்பது சட்டம். தொண்டர்களோடு சேர்ந்து வருடக்கணக்கில் சீமைக்கருவேலம் பிடுங்கிய மரகதவல்லி, இன்று கடைசிக் கன்றை மறித்து உட்கார்ந்திருந்தாள். அயல் செடி மிச்சமிருக்கிறதா என்று பார்க்கும் சோதனை ட்ரோன் வேலியைத் தாண்டி வந்துகொண்டிருந்தது.

"நகருங்கக்கா, இது ஒண்ணுதான் பாக்கி" என்று குனிந்தான் உடன் உழைத்த யாகூப்.

அவள் அவன் கையை இறுகப் பிடித்தாள். "வேணாம்ப்பா. அவரு இங்க வந்தாத்தான் ஆக்சிஜன் குழாய் இல்லாம மூச்சு விடறாரு."

யாகூப் திரும்பிப் பார்த்தான். பெஞ்சில் அவள் கணவர் கண்மூடி, ஆழ்ந்து மூச்சிழுத்துக்கொண்டிருந்தார்.

ட்ரோன் தலைக்குமேல் வந்து நின்றது. யாகூப் கையை உதறி விடுவித்தான். அவன் சுற்றியிருந்த புல்லை விலக்கி, கன்றை ட்ரோனுக்கு நன்றாகத் தெரியும்படி நிமிர்த்திப் பிடித்தான்.